முள் காட்டுவது மொத்தம்தான்

சிறிய ஆஸ்பத்திரிகளிலும் பல் வைத்தியர்களின் அறைகளிலும் பிரசவ விடுதிகளிலும், யாருடைய கவனத்தையும் கவராமல் ஒரு மூலையில் நின்று, கத்தரிக்கோலும் இடுக்கியும் பஞ்சும் துணியுமாகத் தன்னுள் அடுக்கப்படும் பொருள்களையெல்லாம் நீராவியால் சுத்தம் செய்து தரும் ஆட்டோகிளேவ் என்னும் பாத்திரத்தைப் பற்றி, அரசியலும் விலைவாசியும் விவாதிக்கப்படும் இந்தப் பக்கத்தில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், கத்தி படும் எந்த நோயாளியின் உயிரும் அந்தப் பாத்திரம் தன் கடமையைச் சரிவரச் செய்ததா என்பதைப் பொறுத்திருப்பதாலும், செய்ததா இல்லையா என்பதை நிர்ணயிக்கப் பலர் கையாளும் முறை சாஸ்திரப்படி பிழையாக இருப்பதாலும், இந்த விஷயத்தைப் பொதுமக்கள் முன் வைப்பது அவசியமென்று நான் கருதுகிறேன்.

அந்த முறை இதுதான்: பாத்திரத்தின் மூடியை இறுக்கி, அடுப்பையோ மின்சாரத்தையோ போட்டுவிட்டு, மேலேயுள்ள கேஜின் முள் 15 என்ற எண்ணைத் தொடும் வரையில் காத்திருக்கிறார்கள், தொட்டவுடன் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷமோ 20 நிமிஷமோ எண்ணுகிறார்கள், எண்ணி முடித்தால் காரியம் முடிந்தது என்று கொள்கிறார்கள். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் என்றால் 121 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உபதேசம் பொய்யன்று. ஆனால் பாத்திரத்துக்குள் நீராவியைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது மாத்திரமே அது மெய்யாகும் என்ற நிபந்தனை, சொல்லிக் கொடுத்தவர் வாயிலிருந்து கேட்டவர் காதுக்குப் போகும் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. கிருமியைக் கொல்வது உஷ்ணம். கேஜ் காட்டுவதோ அழுத்தம், அதிலும் உள்ளே இருக்கும் எல்லா வாயுக்களும் சேர்ந்து சுவரின் மீது செலுத்தும் மொத்த அழுத்தம்.

மூடிய பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்கு மேலேயுள்ள இடத்தில் இருப்பவை இரண்டு: மூடும்போது உள்ளே அகப்பட்டுக்கொண்ட காற்று ஒன்று, தண்ணீரிலிருந்து கிளம்பிய ஆவி மற்றொன்று. இவ்விரண்டும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர்களுக்குப் பெரிய புதிராக இருந்தது. உப்பு தண்ணீரில் கரைவது போலத் தண்ணீர் காற்றில் கரைந்திருக்கிறது என்றே பலர் எண்ணினார்கள். இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதியில் ஒரு நெசவாளியின் மகனாக 1766-இல் பிறந்து, மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்து, 1787 முதல் 1844-இல் இறக்கும் வரையில் வானிலைக் குறிப்பு எழுதுவதை விடாத ஜான் டால்டன் என்பவர், மழையையும் பனியையும் பற்றி ஓயாமல் சிந்தித்ததன் பயனாகவே இந்தப் புதிரை விடுவித்தார். பாதரசம் நிரப்பிய பாரமானிக் குழாயின் உச்சியிலுள்ள வெற்றிடத்தில் துளித் தண்ணீரைச் செலுத்தி, குழாயைச் சுற்றிலும் வெந்நீர் ஊற்றி உஷ்ணத்தை ஏற்ற ஏற்றப் பாதரசம் எவ்வளவு கீழே தள்ளப்படுகிறது என்று அளந்து, ஒவ்வோர் உஷ்ண நிலையிலும் நீராவியின் அழுத்தம் எவ்வளவு என்பதற்கு அட்டவணை வகுத்தார். வெற்றிடத்தில் எவ்வளவு ஆவி கிளம்புகிறதோ, காற்று நிறைந்த இடத்திலும் அதே அளவுதான் கிளம்புகிறது என்றும், ஒவ்வொரு வாயுவும் மற்றது அங்கே இல்லாதது போலவே தன் அழுத்தத்தைத் தனியாகச் செலுத்துகிறது என்றும், மொத்த அழுத்தம் இந்தப் பகுதி அழுத்தங்களின் கூட்டுத் தொகையே என்றும் அவர் மான்செஸ்டர் சங்கத்தில் 1801-இல் படித்த கட்டுரைகள் அடுத்த ஆண்டு அச்சாயின. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் படித்தவர் எல்லோரும் இந்த விதியை மனப்பாடம் செய்திருப்பார்கள்.

கூட்டுத் தொகை என்பதில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் மாத வருமானம் இவ்வளவு என்று கேட்டறிந்த மாத்திரத்தில், அதில் தகப்பன் சம்பாதித்தது எவ்வளவு, மகன் சம்பாதித்தது எவ்வளவு என்று சொல்லிவிட முடியுமா? கேஜின் முள்ளிடம் நாம் கேட்பது அத்தகைய கேள்வியே.

இரண்டு கூட்டாளிகளின் சுபாவமும் வேறு வேறு. காற்றின் அழுத்தம் உஷ்ணத்தோடு நிதானமாக ஏறுவது. அடைபட்ட இடம் மாறாதிருக்குமானால், தனி உஷ்ண அளவில் எந்த விகிதத்தில் உஷ்ணம் கூடுகிறதோ அதே விகிதத்தில் அதுவும் கூடும். நீராவியின் அழுத்தமோ முதலில் அற்பமாகத் தொடங்கிப் பின்னால் பிரமிக்கத்தக்க வேகத்தில் வளர்வது. 30 டிகிரியில் அது 32 மில்லிமீட்டர் பாதரசத்தின் அளவுதான், 90 டிகிரியில் 526, 100 டிகிரியில் 760, அதாவது கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமம், அதனாலேதான் தண்ணீர் அங்கே கொதிக்கிறது, 110-இல் 1,076, 121-இல் ஏறக்குறைய 1,536. இதில் இன்னொரு விசேஷமும் உண்டு: பாத்திரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் இருந்தாலும் ஒரு குடம் இருந்தாலும், திரவம் சிறிதேனும் மிச்சமிருக்கும் வரையில் ஆவியின் அழுத்தம் உஷ்ணத்தை மட்டுமே பொறுத்தது. ஆகையால் ஆவியின் பங்கு மட்டும் தனியே தெரிந்துவிட்டால் உஷ்ணம் தெரிந்துவிடும். அந்தப் பங்கைத் தனியே காட்டும் சக்திதான் கேஜுக்கு இல்லை.

இனி, பேனாவும் காகிதமும் உள்ள எந்த மாணவரும் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். நம் ஊர்களில் அறையின் உஷ்ணம் 30 டிகிரி என்று கொள்வோம். தனி அளவில் அது 303. வெளிக்காற்றின் அழுத்தமாகிய 760-இல் நீராவியின் பங்கு 32 போக, உலர்ந்த காற்றின் பங்கு 728. இந்த நிலையில் மூடியை இறுக்கி, உள்ளிருந்த காற்றில் ஒரு துளியும் வெளியேறாதபடி எல்லா வழிகளையும் அடைத்துவிட்டுச் சூடேற்றுகிறோம். கேஜ் பூஜ்யத்தில் இருக்கும்போதே உள்ளே 760 இருக்கிறது. 15 பவுண்டு என்பது அதற்கு மேல் 776. ஆகவே முள் 15-ஐத் தொடும்போது உள்ளேயுள்ள மொத்த அழுத்தம் 1,536. உஷ்ணம் 90 டிகிரிக்கு வரும்போது காற்றின் பங்கு 728-ஐ 363-ஆல் பெருக்கி 303-ஆல் வகுக்க 872, ஆவியின் பங்கு 526, மொத்தம் 1,398. 96 டிகிரியில் காற்று 887, ஆவி 658, மொத்தம் 1,545. தண்ணீர் சற்றே விரிவதைப் போன்ற சில்லறை விஷயங்களை ஒதுக்கிவிட்டால், விடை தெளிவாக நம் முன் நிற்கிறது: 96 டிகிரியை எட்டுவதற்குள்ளாகவே முள் 15-ஐத் தொட்டுவிடுகிறது.

121 டிகிரி என்று நம்பி நாம் கடிகாரத்தைப் பார்க்கும் அந்த க்ஷணத்தில், பாத்திரத்துக்குள் உள்ள உஷ்ணம் திறந்த சட்டியில் கொதிக்கும் தண்ணீரின் உஷ்ணத்தைக்கூட எட்டவில்லை! காற்றில் பாதியை வெளியேற்றிவிட்டு மூடினோம் என்றாலும், காற்றின் பங்கு 460, ஆவியின் பங்கு 1,076 என்று ஆகி, 110 டிகிரியிலேயே முள் 15-ஐக் காட்டிவிடும். காற்று முழுவதும் போனால்தான் 1,536-ம் ஆவிக்கே உரியதாகி 121 டிகிரி சித்திக்கும்.

பதினொரு டிகிரி வித்தியாசம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். சாதாரணக் கிருமிகள் கொதிநீரிலேயே மடிந்துவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் இரணஜன்னியை உண்டாக்கும் கிருமி முதலிய சில, கெட்ட காலம் வரும்போது தடித்த உறைக்குள் தம்மைச் சுருட்டிக்கொண்டு ஸ்போர் என்னும் வடிவில் உறங்கக்கூடியவை. அவற்றுக்குக் கொதிநீர் பொருட்டன்று. அவற்றை அழிக்கவே 121 டிகிரி வேண்டியிருக்கிறது. உஷ்ணம் பத்து டிகிரி குறைந்தால் அதே அளவு அழிவைச் செய்யச் சுமார் பத்து மடங்கு காலம் பிடிக்கும் என்பது இத்துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. 121-இல் 15 நிமிஷத்தில் ஆகிற காரியத்துக்கு 111-இல் இரண்டரை மணி நேரம் வேண்டும். அதே விகிதத்தை நீட்டிப் பார்த்தால் 96 டிகிரியில் மூன்று நாட்களுக்கு மேல் ஆகும். உஷ்ணத்தோடு இன்னொரு நஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. நீராவி குளிர்ந்த கருவியின் மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது, கிராமுக்கு 500 கலோரிக்கு மேற்பட்ட மறைவெப்பத்தை ஒரே மூச்சில் அதனிடம் ஒப்படைக்கிறது. நீராவியின் வீரியமெல்லாம் அதில்தான் இருக்கிறது. காற்றுக்கு அப்படிக் கொடுக்க ஒன்றும் இல்லை. மூட்டைத் துணியின் மடிப்புக்குள்ளும் குழாய்களின் துவாரத்துக்குள்ளும் அது தங்கி நின்று, ஆவியை அணுகவிடாமல் தடுத்து, கிருமிக்குக் காவலாகவே அமைந்துவிடுகிறது.

இது ஏட்டுக் கணக்கோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் நகரில், டெவன்போர்ட் பகுதி ஆஸ்பத்திரியில், 1972 மார்ச் மாதத்தில், அறுவைச் சிகிச்சை முடிந்து நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் ஏற்றப்பட்ட நோயாளிகள் சிலர் எதிர்பாராத வகையில் மோசமாகி இறந்துபோனார்கள். பாட்டில்களைப் பரிசோதித்தபோது கரைசலில் கிருமிகள் வளர்ந்திருந்தன. விசாரிப்பதற்கு அந்நாட்டு அரசு கிளாதியர் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. குழுவின் அறிக்கை அவ்வாண்டிலேயே வெளிவந்தது. முந்திய ஆண்டு ஏப்ரலில் தொழிற்சாலையில் அந்தப் பாட்டில்கள் ஆட்டோகிளேவில் வைக்கப்பட்டபோது, உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறாமல் அடித்தட்டில் தேங்கிவிட்டது. மேலே அடுக்கியவை வெந்தன, கீழே அடுக்கியவை வேகவில்லை. இதில் நெஞ்சை உறுத்தும் அம்சம் என்னவென்றால், கீழேயுள்ள கழிவுக் குழாயில் பொருத்தியிருந்த உஷ்ணமானி உஷ்ணம் ஏறவில்லை என்பதைப் பதிவு செய்துகொண்டேயிருந்தது. ஆனால் அழுத்தம் சரியாக இருக்கிறதே, ஆகவே உஷ்ணமானிதான் பழுது என்று அங்கிருந்தவர்கள் முடிவு செய்தார்கள். உண்மையைச் சொன்ன கருவி நம்பப்படவில்லை. மொத்தத்தை மட்டும் சொன்ன கருவி நம்பப்பட்டது. டால்டன் தம் விதியை வெளியிட்டு 170 ஆண்டுகள் கழிந்த பிறகு, அவர் வாழ்ந்த நாட்டிலேயே, அந்த விதியைப் பள்ளியில் படித்திருக்கக்கூடியவர்கள் கையால் இது நிகழ்ந்தது.

காற்று ஏன் அடியில் தேங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் நீராவி 18 பங்கு கனமென்றால் காற்று 29 பங்கு கனம். ஆகையால் பெரிய ஆட்டோகிளேவ்களில் நீராவியை மேலிருந்து செலுத்துகிறார்கள். அது மெல்ல மெல்லக் கீழே அழுத்த, கனமான காற்று அடியிலுள்ள குழாய் வழியாக வெளியேறுகிறது. கடைசியில் சூடாகும் இடமும் அதுவே என்பதால், உஷ்ணமானியை அங்கே வைப்பதுதான் நியாயம். இன்னும் முன்னேறிய இயந்திரங்களில் முதலில் காற்றைப் பம்பினால் உறிஞ்சிவிடுகிறார்கள். உறிஞ்சியது போதுமா என்று அறிய, நாடாவைக் குறுக்காக ஒட்டிய துணிக்கட்டை நடுவில் வைத்து, நாடா முழுவதும் சீராக நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் போவி–டிக் சோதனை 1963-இல் வழக்கத்துக்கு வந்தது. நம் சிறிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் குக்கர் வடிவப் பாத்திரங்களுக்கு இத்தனை சிரமம் வேண்டாம். வெளியேற்றும் குழாயைத் திறந்தே வைத்து, நீராவி பலமாகவும் இடைவிடாமலும் பீறிடத் தொடங்கிய பிறகும் சில நிமிஷங்கள் பொறுத்து, அதன் பின்னர் அடைத்தால் போதும். அமெரிக்காவில் வீட்டிலேயே காய்கறியையும் இறைச்சியையும் புட்டியிலடைத்துப் பாதுகாப்பவர்களுக்கு அந்நாட்டு வேளாண்மைத் துறை விதித்திருக்கும் காலம் 10 நிமிஷம். அங்கே அந்த விதியை மீறினால் உண்டாவது உணவில் விஷம் என்பதால், அவர்கள் அதில் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் ஆவி வந்த பிறகே வெயிட் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதற்கும் இதே காரணம் உண்டு. வெயிட்டை முதலிலேயே போட்டுவிட்டால், முதல் விசில் சீக்கிரம் வந்துவிடும்; ஆனால் உள்ளே பருப்பு வேகவேண்டிய உஷ்ணம் வந்திராது. ஒவ்வொரு விசிலோடும் கொஞ்சம் காற்றும் வெளியேறுவதால் குக்கர் தன் குறையைத் தானே சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. நஷ்டம் அதிகமாகப் போனால் வேகாத பருப்பு. அறுவைச் சிகிச்சை அறையில் நஷ்டம் அவ்வளவோடு நில்லாது.

மலைமேல் உள்ள ஆஸ்பத்திரிகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உதகமண்டலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 580 மில்லிமீட்டர்தான்; தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுகிறது. கேஜ் தன் பூஜ்யத்தை வெளிக்காற்றிலிருந்து தொடங்குவதால், அங்கே அது 15 பவுண்டு காட்டும்போது உள்ளே மொத்தம் 1,356 மட்டுமே. காற்றையெல்லாம் ஒழுங்காக வெளியேற்றியிருந்தாலும் கிடைக்கும் உஷ்ணம் 117 டிகிரிக்கு மேல் போகாது. முன்னே சொன்ன கணக்குப்படி, 15 நிமிஷம் என்பதை 35 நிமிஷத்துக்கு மேல் நீட்டவேண்டும். அல்லது, பாத்திரமும் வால்வும் அதற்கென அமைந்தவையாக இருந்தால், முள்ளைப் பதினெட்டரைக்குக் கொண்டுபோக வேண்டும். கொடைக்கானலுக்கும் இலங்கையின் நுவரெலியாவுக்கும் இதே நியாயம் பொருந்தும். சமவெளியில் அச்சிட்ட உபயோகக் குறிப்பை மலையில் அப்படியே பின்பற்றுவது தவறு.

டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் குழையச் செய்யும் தம் பாத்திரத்தை லண்டன் ராயல் சங்கத்தின் முன் வைத்தது 1679-இல். பாஸ்டரின் சீடரான சார்லஸ் ஷாம்பர்லான் ஆட்டோகிளேவை உருவாக்கியது சரியாக 200 ஆண்டுகள் கழித்து. இவ்வளவு நீண்ட அனுபவம் பின்னால் இருக்கும்போது, கேஜ் ஒன்றை மாத்திரம் பார்த்துத் திருப்தியடையும் வழக்கம் நம்மிடம் நீடிப்பதற்கு நியாயம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பொட்டலத்தின் மேல் ஒட்டும் நாடாவில் கறுப்புக் கோடுகள் தோன்றிவிட்டன என்பதையும் சான்றாகக் கொள்ளக்கூடாது. அந்தப் பொட்டலம் பாத்திரத்துக்குள் போய் வந்தது என்பதற்கு மேல் அதனால் நிரூபிக்க முடிவது சொற்பமே. நிச்சயமான சோதனை ஒன்று இருக்கிறது. உஷ்ணத்தைத் தாங்குவதில் பேர்போன, ஆனால் மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒரு கிருமியின் ஸ்போர்கள் அடங்கிய சிறு குப்பியை, சுமையின் நடுவில், ஆவி எட்டுவதற்குக் கடினமான இடத்தில் வைத்து எடுத்து, பின்னர் அதை இளஞ்சூட்டில் வளர்த்துப் பார்ப்பது. அவை பிழைத்திருந்தால் பாத்திரம் தோற்றது, மடிந்திருந்தால் வென்றது. அதற்கு ஆகும் செலவு, ஓர் அறுவைச் சிகிச்சைக்கு வசூலிக்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதன்று.

தமிழ்நாட்டில் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்துவதற்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி பார்வையிட வரும் அதிகாரிகள், ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அதில் உஷ்ணமானி எங்கே இருக்கிறது, ஸ்போர் சோதனை கடைசியாக எப்போது நடந்தது, அதன் பதிவேடு எங்கே என்று கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தண்ணீரின் மேல் சேகரித்த ஹைட்ரஜனின் அழுத்தத்திலிருந்து ஆவியின் அழுத்தத்தைக் கழித்து விடை எழுதும் கணக்கை நம் பிள்ளைகள் பரீட்சைக்காகச் செய்கிறார்கள். அந்தக் கழித்தல் எதற்காக என்பது பலருக்குக் கடைசிவரை விளங்குவதில்லை. அதே பாடத்தில் ஆட்டோகிளேவின் கணக்கையும் சேர்த்துக் கற்பித்தால், பின்னாளில் நர்ஸாகவோ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராகவோ ஆகப்போகும் மாணவி அந்த விதியை மறக்கமாட்டாள். அவள் கையில் அது உயிர் காக்கும் அறிவாகும்.

இப்போதே அந்தப் பாத்திரத்தின் அருகில் நின்று வேலை செய்யும் சகோதர சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் இது. முள் 15-ஐத் தொட்டும் உஷ்ணமானி பின்தங்கி நின்றால், உஷ்ணமானியைச் சந்தேகிப்பதற்கு முன் உள்ளே காற்று தங்கியிருக்கிறது என்றே கொள்ளுங்கள். அவசரமென்று மேலதிகாரி எவ்வளவு துரிதப்படுத்தினாலும், வெளியேற்றும் குழாயைத் திறந்து, ஆவி நன்றாகப் பீறிட்ட பிறகு அடைத்து, நேரத்தை மறுபடியும் முதலிலிருந்து எண்ணுங்கள். அது முடியும் வரையில் அந்தச் சுமையிலிருந்து ஒரு கத்தரிக்கோலைக்கூட அறுவைச் சிகிச்சை அறைக்கு அனுப்பாதீர்கள்.